கணக்குச் சொல்லும் சபை எது?

பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று பார்த்தால், ஒரே வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் இரண்டு திசையில் பிரிந்து போவதைக் காணலாம். வெளுத்த பருத்திச் சேலையில், உறை போட்ட வேதாகமத்தின் மேல் கீர்த்தனைப் புத்தகத்தை வைத்து மார்போடு அணைத்தபடி ஆச்சி மணிச்சத்தம் வரும் பக்கம் நடக்கிறார். மகனும் மருமகளும் பிள்ளையை நடுவில் இருத்தி பைக்கில் எதிர்ப்பக்கம் போகிறார்கள். ஆச்சி போகும் கோயிலில் கோபுரம் உண்டு, மறைந்த குருமார்களின் பெயர் பொறித்த சலவைக்கல் உண்டு. மகன் போகும் இடம் இரும்புக்கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள், கீபோர்டு, இந்த ஆண்டின் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட ஃபிளெக்ஸ். மதியம் சோற்றுக்கு உட்காரும்போது அந்தப் பேச்சு வந்தே தீரும். “அங்க ஆராதனையில ஒரு உயிர் இருக்கும்மா” என்பார் மகன். “ஒங்க பாஸ்டருக்குப் பிறகு யாருல?” என்று கேட்பார் ஆச்சி.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 44,18,331 பேர், அதாவது 6.12 விழுக்காடு. இவர்களில் கத்தோலிக்கர்களுக்கு ரோமிலிருந்து பங்குக் குரு வரை ஒரே கோடு. சீர்திருத்தச் சபையாரிடம்தான் கிளைகள் அதிகம்: சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை, மெதடிஸ்ட், இரட்சணிய சேனை எனப் பல. இவற்றுக்குத் தலைமையகமும் சட்டதிட்டங்களும் உண்டு. இவை எதிலும் சேராமல், ஒரு போதகரும் அவரைச் சுற்றித் திரண்ட விசுவாசிகளுமாக நடப்பவை சுயாதீன சபைகள். ஊர்ப் பேச்சில் முதல் வகை ‘பாரம்பரிய சபை’, இரண்டாவது ‘ஆவிக்குரிய சபை’. எதில் சேர்வது, எதை விடுவது என்ற கேள்வி இன்று எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் அண்ணன் தம்பிக்கு நடுவில், மாமியார் மருமகளுக்கு நடுவில் கிடக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பெயர்ப்பலகை விடை சொல்லாது. பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி என்பதும் பாதி விடைதான். இந்தச் சபையில் போதகர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்ற கேள்வியைக் கேட்டால்தான் மீதி தெரியும். பணக் கணக்கு மட்டும் அல்ல. நடத்தைக் கணக்கு, போதனைக் கணக்கு, கைவிட்ட ஆத்துமாக்களின் கணக்கு எல்லாம் சேர்த்து.

முதலில் ஒரு பழைய வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து, தமிழர் எந்தச் சபைப் பிரிவில் சேர்ந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது வேத விளக்கம் அல்ல, அந்த வட்டாரத்தில் எந்த மிஷன் சங்கம் வேலை செய்தது என்பதுதான். திருநெல்வேலிச் சீமையில் இங்கிலாந்துத் திருச்சபையின் சங்கங்கள், ஆகவே அங்கே ஆங்கிலிக்கன். நாகர்கோவிலில் லண்டன் மிஷன், ஆகவே அங்கே காங்கிரிகேஷனல். மதுரையில் அமெரிக்க மிஷன். தஞ்சை, தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன். நாகர்கோவில் பெண் பாளையங்கோட்டை மாப்பிள்ளையைக் கட்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் போதும், அவளுடைய சபைப் பிரிவே மாறிவிடும். ஐரோப்பாவில் இரத்தம் சிந்திப் பிரிந்தவர்களின் சண்டை, அதில் எந்தப் பங்கும் இல்லாத பனையேறியின் வீட்டிலும் நெசவாளியின் வீட்டிலும் வந்து குடியேறியது.

இதைக் கண்டு மனம் நொந்தவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்றவர். 1919 மே மாதம் அதே தரங்கம்பாடியில் முப்பது சொச்சம் பேர் கூடிச் சபை ஒன்றிப்புக்கான அறிக்கையை வெளியிட்டபோது முன்னின்றவர்களில் அவர் ஒருவர். நாம் உண்டாக்காத பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அந்தக் கூட்டத்தின் மனக்குறை. பேச்சு வார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் இழுத்தது. 1945 புத்தாண்டு நாளில் அசரியா மறைந்தார். அவர் காணாத அந்த நாள் 1947 செப்டம்பர் 27. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் பழைய பெயர்களை இறக்கிவைத்து ஒரே திருச்சபை ஆனார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வளர்த்த சபையாரும் கடல் கடந்து அதில் சேர்ந்தார்கள். அது இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனம்.

பேராயர் உள்ள சபையும் பேராயர் இல்லாத சபையும் இப்படி ஒன்றாவதை உலகக் கிறிஸ்தவம் அதற்கு முன் கண்டதில்லை. இன்று சி.எஸ்.ஐ.யைப் பழைய பிரிவு என்று ஒதுக்கும் இளைஞர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். பிரிவே வேண்டாம் என்று தென்னிந்தியா எடுத்த மிகப் பெரிய முயற்சி அதுதான்.

ஆனால் முயற்சி ஒன்று, முடிவு வேறு. லுத்தரன்கள் சேரவில்லை. ஆந்திரத்தின் நந்தியால் ஆங்கிலிக்கன்கள் பல ஆண்டுகள் வெளியே நின்றார்கள். சேர்ந்தவர்களும் ஒரு தலைமுறைக்குள் புதிய பெயரில் ஒரு பெரிய பிரிவானார்கள்.

அடுத்த பக்கத்தைப் பார்த்தால், சுயாதீன சபையும் தமிழ் மண்ணுக்கு நேற்று வந்த சரக்கல்ல. பிரஷ்யாவில் பிறந்த மிஷனரி ரேனியஸ் 1820இல் திருநெல்வேலிக்கு வந்தார். ஆங்கிலேயச் சங்கத்தின் சம்பளம், லுத்தரன் மனம். கிராமம் கிராமமாகச் சபைகள் பெருகின. சாதி வேற்றுமைக்குச் சபைக்குள் இடமில்லை என்பதில் அவர் கடுமையாக நின்றார். தன்னோடு உழைத்த தமிழ் உபதேசியார்களுக்கு லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் கொடுக்க விரும்பினார். ஆங்கிலிக்கன் பேராயர்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளைக் குறைகூறி அவர் எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் ஊரைவிட்டுப் போனார். உபதேசியார்கள் கூப்பிட்டார்கள், திரும்பி வந்தார். அதன்பின் மூன்று ஆண்டுகள் திருநெல்வேலியில் இரண்டு மிஷன், இரண்டு முகாம். எந்தப் பக்கம் போவது என்று அன்றைய குடும்பங்களும் இதேபோலத்தான் திண்ணையில் உட்கார்ந்து வாதாடியிருப்பார்கள். 1838இல் ரேனியஸ் இறந்ததும் பெரும்பாலான சபைகள் பழைய சங்கத்தோடு ஒப்புரவாகிவிட்டன. ஒரு மனிதரை நம்பி எழுந்தது, அந்த மனிதரோடு அடங்கியது. ஆச்சியின் கேள்விக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டாம்.

ரேனியஸிடம் படித்த அருளப்பன் வேறு வழி கண்டார். மிஷன் சம்பளமே வேண்டாம், கர்த்தர் தருவார் என்று கிறிஸ்தியான்பேட்டை என்ற சிற்றூரை உண்டாக்கி அங்கே வாழ்ந்தார். 1860இல் அவரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் மக்கள் அழுது மனந்திரும்பினார்கள், பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாகப் பலர் குறிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருக் கூட்டங்கள் நடந்தது 1906இல். அதற்கு 46 ஆண்டு முன்னதாகத் திருநெல்வேலி வட்டாரத்தில் இது நடந்திருக்கிறது. ஆவிக்குரிய ஆராதனை அமெரிக்க இறக்குமதி என்று சொல்லும் பாரம்பரிய சபையார் தங்கள் சொந்த ஊர் வரலாற்றைப் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நாசரேத்துக்கு அருகில் பிரகாசபுரத்தில் 1857இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தனிச் சபை தொடங்கினார். மிஷனரியோடு ஏற்பட்ட மோதலும், நாடார் சமூகத்தைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849இல் வெளியிட்ட சிறு நூல் மூட்டிய கோபமும் அதற்குக் காரணம். வெள்ளைக்காரர் கை படாத கிறிஸ்தவம் வேண்டும் என்று நின்ற அந்தச் சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொண்டது. அதில் தன்மானம் இருந்தது.

எல்லாச் சபை மாற்றத்திலும் தன்மானம் இருந்ததாகச் சொல்ல முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று ஆணை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலைப் புறக்கணித்தார்கள். சில ஆண்டுகளில் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தபோது, சாதி விஷயத்தில் அது அவ்வளவு நெருக்காது என்று தெரிந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. பந்தியில் பக்கத்தில் யார் உட்காருவார் என்பதற்காகச் சபையை மாற்றிக்கொண்ட வரலாறும் நமக்கு இருக்கிறது. அதை மறைத்து உபதேசத்தைக் காரணம் காட்டுவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பெரிய அலைகள். 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தமிழகம் எங்கும் பரவியது. வெள்ளை உடை, நகை கிடையாது, ஊழியர்கள் மணம் செய்வதில்லை, விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்வார்கள். இப்போது தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரில் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது. மற்றொரு அலை பக்த் சிங். பஞ்சாபி சீக்கியராகப் பிறந்து, மேல்நாட்டில் பொறியியல் படித்து, அங்கே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். 1941இல் சென்னையில் யெகோவா ஷம்மா என்ற சபையைத் தொடங்கினார். புதிய ஏற்பாட்டில் எந்தச் சபைக்கும் பிரிவுப் பெயர் இல்லை, ஆகவே நமக்கும் வேண்டாம், ஒவ்வொரு ஊர்ச் சபையையும் அந்த ஊர் மூப்பர்களே நடத்தட்டும் என்பது அவர் கொள்கை. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் பாய் விரித்துச் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்து அந்தச் சபைகளின் அடையாளமானது. ஒருவர் சாதியை ஒருவர் கேட்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்த அந்தச் சாப்பாட்டுக்கு ஆயிரம் பிரசங்கத்தின் வலிமை உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் வேண்டாம் என்று தொடங்கும் எந்தச் சபைக்கும் இரண்டாம் தலைமுறையில் ஒரு பெயர் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பார்ட்டன் ஸ்டோனும் அலெக்சாண்டர் கேம்ப்பெல்லும் சபைப் பிரிவுகளை ஒழிப்பதற்காகவே எழுந்தவர்கள். இருவரின் கூட்டங்களும் 1832இல் ஒன்றாயின. 1906இல் அந்நாட்டு மதக் கணக்கெடுப்பு அவர்களையே இரண்டு தனிப் பிரிவாகப் பதிவு செய்தது. பிறகு அது மூன்றானது. நம் ஊரில் பலர் சுயாதீன சபை என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஏ.ஜி. சபை, 1914இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற முறையான பிரிவு. பிரிவு சாராமை என்பது பல சபைகளுக்கு ஒரு பருவம்தான். அந்தப் பருவத்தில் சேருகிறவர், நாளை இது என்னவாகும் என்றும் யோசிக்கத்தான் வேண்டும்.

அப்படியும் ஏன் போகிறார்கள்?

அரசு மருத்துவமனை வராந்தாவை நினைத்துப் பார்க்கலாம். நள்ளிரவு தாண்டிய நேரம். உள்ளே கணவன், வெளியே சிமெண்ட் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் மனைவி. அவள் பெயர் பாரம்பரிய சபையின் பதிவேட்டில் நாலு தலைமுறையாக இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவள் வீட்டு வாழைத்தார் போகாத ஆண்டு கிடையாது. ஆனால் அந்தச் சேகரத்தின் குருவானவருக்கு ஏழெட்டு கிராமங்கள், நூற்றுக்கணக்கான குடும்பங்கள், நாளைக்கு இரண்டு கமிட்டி. அவர் வர நான்கு நாள் ஆகும். பக்கத்துத் தெரு பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் அந்த இரவே வருகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்க் காபி, நாலு இட்லி. தலையில் கைவைத்துப் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்கள். மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருகிறார்கள். கணவன் பிழைத்து வீடு வந்த பிறகு அவள் எந்தச் சபைக்குப் போவாள்? உபதேச வேறுபாடு, முழுக்கு ஞானஸ்நானமா தெளிப்பா என்ற வாதமெல்லாம் பிற்பாடு வருபவை. ‘எங்கள் ஆடுகளைத் திருடுகிறார்கள்’ என்று பாரம்பரிய சபையார் சொல்லும் புகாரில் பாதி, தங்கள் தொழுவத்தின் கதவை யார் திறந்து போட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டியது.

போகிறவர்கள் சொல்லும் மற்றொரு காரணம் தேர்தல். திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் வந்தால் சில ஊர்களில் சட்டமன்றத் தேர்தல் தோற்கும். அணி, போஸ்டர், வாகனம், விருந்து எல்லாம் உண்டு. சபை நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளின் வேலை நியமனம் கையில் இருப்பதால் பதவிக்கு அத்தனை போட்டி. பணமும் சாதியும் அதில் புகுந்து பல காலம் ஆயிற்று. சி.எஸ்.ஐ.யின் தலைமை மன்றமான சினாட்டின் தேர்தலும், பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்தும் திருத்தமும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனதைப் பத்திரிகை படிக்கும் எல்லோரும் அறிவார்கள். அசரியா பிறந்த மண்ணில் இது நடப்பதைப் பார்க்க வேதனையாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் அந்த வழக்குகளை இன்னொரு பக்கமாகவும் திருப்பிப் பார்க்க வேண்டும். வழக்குப் போட முடிந்ததே, அது ஏன்? எழுதி வைத்த சட்டம் ஒன்று இருப்பதால். பேராயரே ஆனாலும் அந்தச் சட்டத்தை மீறினால் ஒரு சாதாரண உறுப்பினர் எழுந்து நின்று கேட்கலாம் என்பதால். சேகரக் கமிட்டியில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. குருவானவரைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள். கோயிலும் நிலமும் அவர் பெயரில் இல்லை. கதவு துருப்பிடித்திருக்கலாம், தாழ்ப்பாள் இறுகியிருக்கலாம். கதவு என்று ஒன்று இருக்கிறது.

சுயாதீன சபைகள் பலவற்றில் அந்தக் கதவே வைக்கப்படவில்லை. சபை பெரும்பாலும் ஒரு டிரஸ்டாகப் பதிவாகியிருக்கும். அறங்காவலர்கள் பாஸ்டர், அவர் மனைவி, மகன், மைத்துனர். தசமபாகம் கொடுக்கும் விசுவாசிக்கு அந்தப் பத்திரத்தில் ஓட்டும் இல்லை, கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. அதே சபை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிவாகியிருந்தால், உறுப்பினர் பட்டியல் வேண்டும், ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முழுக்கு எடுக்கப் போகும் எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்? பாஸ்டருக்குப் பிறகு யார் என்று ஆச்சி கேட்டதற்குப் பல இடங்களில் உள்ள உண்மையான பதில், பாஸ்டரின் மகன் என்பதுதான்.

அப்படிக் கதவில்லாத வீடு தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு சியாட்டில் நகரத்தின் மார்ஸ் ஹில் சபை எடுத்துக்காட்டு. 1996இல் மார்க் டிரிஸ்கால் தொடங்கியது. ஐந்து மாநிலங்களில் 15 இடங்களில் வாரந்தோறும் 12,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். 2007இல் சபையின் விதிகளைத் திருத்தி மூப்பர்களின் அதிகாரத்தைக் குறைத்தார்கள். எதிர்த்துக் கேட்ட இரண்டு மூப்பர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகு தலைவரைத் தடுக்க உள்ளே யாரும் இல்லை. அதிகாரத் தோரணை பற்றிய புகார்கள் குவிந்து 2014 அக்டோபரில் டிரிஸ்கால் விலகினார். அந்த ஆண்டின் முடிவோடு சபையே கலைக்கப்பட்டது. மேலே ஒரு அமைப்பு இருந்திருந்தால் தலைவர் போயிருப்பார், சபை இருந்திருக்கும். அமெரிக்காவில் 2020 கணக்கெடுப்பின்படி எந்தப் பிரிவையும் சேராத சபைகள் 44,319, அவற்றைச் சேர்ந்தவர்கள் 2 கோடிக்கும் மேல். அங்கே இந்தப் பாடம் சிறிய பாடம் அல்ல.

மேலதிகாரம் இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. குழந்தைகளைச் சீரழித்த குருக்களை ஊர் மாற்றி ஊர் மாற்றி மறைத்த பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் அதிகாரப் படிநிலைக்கு என்ன குறை? 2002இல் ஒரு நாளிதழ் அதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் கர்தினால் பதவி விலகினார்.

கல்யாணமும் சாவும் வரும்போதுதான் பலருக்குத் தாங்கள் எந்தச் சபையில் இருக்கிறோம் என்பதே தெரிகிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் யார் திருமணம் நடத்திவைக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர் தம் சபை முறைப்படி நடத்தலாம். அப்படிப் பட்டம் பெறாத சுயாதீன போதகர் என்றால் அரசு அளித்த உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் நடத்திய கல்யாணம், வெளிநாட்டு விசாவுக்கோ வாரிசுச் சான்றுக்கோ போகும்போது சிக்கலாக வந்து நிற்கும். பத்திரிகை அடிப்பதற்கு முன் பாஸ்டரிடம் உரிமத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெண் வீடோ மாப்பிள்ளை வீடோ பாரம்பரிய சபை என்றால் ஞானஸ்நானச் சான்று எங்கே, திடப்படுத்தல் ஆயிற்றா, மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்றா என்று கேட்பார்கள். அதுவரை காகிதம் எதற்கு என்று இருந்த குடும்பம் அந்த வாரம் முழுவதும் பழைய சேகர அலுவலகத்தின் வாசலில் நிற்கும்.

கல்லறை அதைவிடக் கடினம். பழைய சபைகளுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. மாடியில் வாடகைக்கு நடக்கும் சபைக்கு ஆறடி மண் கிடையாது. இருபது ஆண்டு முன்பு சபையை விட்டுப் போனவரின் உடலை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பழைய சபைக்கே வருவார்கள். சந்தா பாக்கியைக் கட்டு, பிறகு குழி வெட்டலாம் என்று ஒரு குரல் எழும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுவது எந்த ஊரில் நடந்தாலும் அது தவறு. செத்தவரிடம் வசூலிக்கும் சபை, உயிரோடு இருப்பவர்களை இழந்துகொண்டிருக்கிறது.

சாதியைப் பற்றிப் பேசாமல் சபையைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. எறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்த மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு உயிர் போயிற்று. பாரம்பரிய சபையில் பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட குடும்பம் ஒரு மாடிக் கூடத்தில் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்று கூப்பிடப்பட்டுக் கண்ணீரோடு பாடுகிறது என்றால், அந்தக் கண்ணீரை உணர்ச்சிவசம் என்று தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை. அதே கூடத்தில் கல்யாணப் பேச்சு வரும்போதும் அந்தச் சமத்துவம் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. இரண்டு வகைச் சபையிலும் அந்தச் சோதனையில் தேறுவோர் குறைவு.

பெண்கள் விஷயத்தில் பழைய சபை முந்திக்கொண்டதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றிப்புக்கு வெளியே நெடுநாள் நின்ற அதே நந்தியால் வட்டாரத்துக்கு 2013இல் புஷ்ப லலிதா பேராயராக வந்தார். சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் அவர். சுயாதீன சபைகளில் பாஸ்டரம்மாவின் உழைப்பில்தான் பாதிச் சபை நிற்கிறது, பல இடங்களில் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் அது மனைவி என்ற உரிமையில் வந்த இடம்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆச்சியின் கையில் இருப்பதும் மகனின் பைக் பெட்டியில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே வேதாகமம், 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழி வந்த அதே நடை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையை ஆச்சி ஆர்மோனியத்தோடு பாடுகிறார், மகன் டிரம்ஸோடு பாடுகிறார். இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அவர்கள் நினைக்கும் அளவுக்குப் பெரியது அல்ல.

ஆகவே இக்கட்டுரையின் தீர்ப்பு வெளிப்படையானது. சட்டம் எழுதி வைத்த, கணக்கு வாசிக்கிற, போதகரைக் கேள்வி கேட்கவும் மாற்றவும் வழியுள்ள சபையே ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பு. அந்த வழி பாரம்பரிய சபையில் ஏட்டில் இருக்கிறது, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை உறுப்பினர்களுடையது. சுயாதீன சபையில் பெரும்பாலும் ஏட்டிலேயே இல்லை, ஆனால் மூப்பர் குழு வைத்து, வெளித் தணிக்கையாளரிடம் கணக்குக் கொடுத்து, நோய்க்கு ஜெபத்தோடு மருந்தும் எடுக்கச் சொல்லி நடத்தும் நல்ல போதகர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சபையை விட்டுப் போக நினைப்பவர், போவதற்கு முன் ஒரே ஒரு முறை சேகரக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று தம் குறையைச் சொல்லட்டும். நாலு தலைமுறைச் சபையை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுப் போவது சரியல்ல. புதிய சபையில் சேர நினைப்பவர் ஆறு மாதமாவது பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும், முழுக்கு எடுக்கும் முன் மூன்று காரியம் கேட்கட்டும்: பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, கடந்த ஆண்டுக் கணக்கு எங்கே, பாஸ்டர் தவறினால் அவரைக் கூப்பிட்டுப் பேசுவது யார். கேட்டதற்காக முகம் சுளிக்கிற சபையில், அதற்குக் கோபுரம் இருந்தாலும் தகரக் கூரை இருந்தாலும், தயவுசெய்து உங்கள் பிள்ளைகளை வளர்க்காதீர்கள்.